சி.எஃப். ஆண்ட்ரூஸ்: ஒப்பந்தக் கூலி முறையை எதிர்த்து நின்ற ஆங்கிலேயப் பாதிரியாரின் கதை

கேமரன் மலைக்குப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் தேயிலைத் தோட்டத்தின் நடுவே நின்று ஒரு செல்ஃபியாவது எடுத்திருப்பீர்கள்.

அந்தச் செடிகளை நட்டவர்கள், கொழுந்து பறித்தவர்கள் யார் என்று யோசித்ததுண்டா? 1929-ல் இங்கே 'போ' தேயிலைத் தோட்டம் தொடங்கிய காலத்தில், மலாயாவின் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். உங்கள் கொள்ளுத் தாத்தாவோ பாட்டியோகூட அவர்களில் ஒருவராக இருந்திருக்கலாம்.

அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வரவில்லை. மலாயாவுக்கு ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது 1910-லேயே நின்றுவிட்டது. அதன்பிறகு பெரும்பாலும் கங்காணிகள் வழியாகவே ஆட்கள் வந்தார்கள்.

ஆனால் ஃபிஜி போன்ற நாடுகளுக்குப் போன தமிழர்களுக்கு அந்த ஒப்பந்தம் அப்போதும் முடியவில்லை. அதை முடிவுக்குக் கொண்டுவந்த போராட்டத்தில் ஓர் ஆங்கிலேயப் பாதிரியாருக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர்தான் சார்லஸ் ஃப்ரீயர் ஆண்ட்ரூஸ்.

யார் இந்த ஆண்ட்ரூஸ்?

1871 பிப்ரவரி 12 அன்று இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1897-ல் பாதிரியார் ஆனார். லண்டனின் ஏழைகள் வாழும் பகுதியில் சில காலம் பணியாற்றினார்.

1904-ல் டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். இரண்டே ஆண்டுகளில் முதல்வர் பதவிக்கு ஆள் தேவைப்பட்டது. வெள்ளையர்தான் முதல்வராக இருப்பது வழக்கம். ஆனால் இந்தியரான சுசில் குமார் ருத்ராவுக்கே அந்தப் பதவி போக வேண்டும் என்று ஆண்ட்ரூஸ் வாதாடினார். அப்படியே நடந்தது.

இதில் என்ன பெரிசு என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர், ஆளப்படும் ஒருவரின் கீழ் வேலை செய்யத் தயாரானார். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயமில்லை.

காலைத் தொட்ட வெள்ளையர்

1913-ல் தென்னாப்பிரிக்காவில் காந்தி தலைமையில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதில் தமிழர்கள் ஏராளம். சிறை சென்று, வெளியே வந்தவுடன் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை நீங்கள் பள்ளிப் பாடத்தில் கேட்டிருக்கலாம்.

அந்த நேரத்தில் உதவிக்காக கோபால கிருஷ்ண கோகலே அனுப்பிவைத்தவர்களில் ஒருவர் ஆண்ட்ரூஸ். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும், இவர்களில் காந்தி யார் என்று விசாரித்தார். காட்டியவுடன் குனிந்து அவருடைய காலைத் தொட்டார்.

ஒரு வெள்ளைக்காரர் இந்தியர் ஒருவரின் காலைத் தொடுவதா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்துப்போனார்கள். ஆண்ட்ரூஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. காந்திக்கும் அமைச்சர் ஸ்மட்ஸுக்கும் இடையே உடன்பாடு வர அவர் பாடுபட்டார்.

அதே ஆண்டு பாதிரியார் பொறுப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டு, தாகூரின் சாந்திநிகேதனில் போய்த் தங்கினார். கிறிஸ்துவை விட்டு அவர் விலகவில்லை. தேவாலயத்துக்கு வெளியே, கூலித் தொழிலாளர்களிடம் அவரைத் தேடிப் போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஃபிஜியில் என்ன பார்த்தார்?

1879 முதல் 1916 வரை சுமார் 60,000 இந்தியர்கள் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1903-க்குப் பிறகு சென்னை துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஐந்து வருட ஒப்பந்தம். கொடுத்த வேலையை முடிக்காவிட்டால் அபராதம் அல்லது சிறை.

1915-ல் ஆண்ட்ரூஸும் அவரது நண்பர் பியர்சனும் அங்கே நேரில் சென்றனர். லயன் வீடுகளுக்குள் போய்ப் பார்த்தார்கள். ஒரு சின்ன அறையில் மூன்று ஆண்கள் அல்லது ஒரு குடும்பம். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆட்கள் அனுப்பப்பட்டிருந்தார்கள். ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர்கள் பலர். தற்கொலைகள் மிக அதிகம்.

1916-ல் வெளியான அவர்களது அறிக்கை இந்தியாவையே உலுக்கியது. 1917-ல் ஆள் எடுப்பது நின்றது. ஃபிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தாயின.

அந்த அறிக்கை குறையே இல்லாதது என்று சொல்ல முடியாது. தொழிலாளர் பெண்களின் ஒழுக்கம் பற்றி அதில் எழுதப்பட்ட விதத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள். பிறருக்காகப் பேசும்போது, அவர்களையே சிறுமைப்படுத்திவிடும் ஆபத்தும் உண்டு. இதையும் சேர்த்தே நாம் அவரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தை விட்டு நடந்தவர்கள்

1921 மே மாதம். அஸ்ஸாமின் சர்கோலா பள்ளத்தாக்கில் கூலி போதாமல் தவித்த தேயிலைத் தொழிலாளர்கள், ஆயிரக்கணக்கில் தோட்டங்களை விட்டு ஊர் திரும்பக் கிளம்பினார்கள். இப்போது வங்கதேசத்தில் உள்ள சாந்த்பூரில் அவர்கள் தடுக்கப்பட்டனர். ஓர் இரவில் கூர்க்கா சிப்பாய்கள் அவர்களை ரயில் நிலையத்திலிருந்து அடித்து விரட்டினார்கள். அதோடு காலராவும் பரவியது.

ஆண்ட்ரூஸ் அங்கே போய் அவர்களோடு தங்கி, நிவாரணப் பணியில் இறங்கினார். இப்படிப்பட்ட வேலைகளால்தான் அவருக்கு 'தீனபந்து', அதாவது ஏழைகளின் உறவினர் என்ற பெயர் நிலைத்தது.

அதே ஆண்டு காந்தி அந்நியத் துணிகளை எரிக்கச் சொன்னபோது, ஆண்ட்ரூஸ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். இருந்தும் அவர்களது நட்பு முறியவில்லை. கருத்து வேறுபட்டாலே 'அன்ஃபாலோ' செய்துவிடும் நமக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

1940 ஏப்ரல் 5 அன்று கொல்கத்தாவில் ஆண்ட்ரூஸ் காலமானார். அங்குள்ள லோயர் சர்குலர் ரோடு கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

இன்று இது ஏன் முக்கியம்?

அடுத்த முறை கேமரன் மலைக்குப் போகும்போது, தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களை இன்று அங்கே பார்க்கலாம். கடன் வாங்கி, ஊரை விட்டு, மொழி தெரியாத மலையில் வந்து நிற்பவர்கள் அவர்களில் உண்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் நம் ஆட்கள் நின்றதுபோலவே.

நம் முன்னோர்களை எண்ணிக்கையாகப் பார்த்தவர்கள் அன்று பலர். அவர்களின் அறைக்குள் போய், பேரைக் கேட்டு, கதையைக் கேட்டவர்கள் சிலர்தான். ஆண்ட்ரூஸ் அந்தச் சிலரில் ஒருவர்.

இன்று புதிதாக வந்து நிற்பவர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம்? இதற்கான பதில் உங்களிடம்தான் இருக்கிறது.