கற்கோடரி மட்டுமா? காஞ்சிபுரம் பாறைகளைப் படித்த புரூஸ் ஃபூட்

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் இடத்துக்கு அத்திகிரி என்று பெயர். கிரி என்றால் மலை. ஆனால் ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் சமதரைதான், பாலாறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். இந்த வட்டாரத்தில் அந்த வண்டலுக்கும் முந்தைய பாறை அடுக்குகளை வரைபடமாக்கியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட்.

1834-ல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் பிறந்தவர். 24 வயதில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். மனைவி எலிசபெத், பீட்டர் பெர்சிவலின் மகள். ஆமாம், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்த அதே பெர்சிவல்தான்!

1863 மே 30-ல் பல்லாவரத்தில் ஃபூட் கண்டெடுத்த கல் ஆயுதம் அவரை வரலாற்றில் நிறுத்தியது. சில மாதங்களில் சக ஆய்வாளர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் போனார். அங்கே கிடைக்கும் கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொன்னது. இந்தப் புகழில் அவருடைய அன்றாட வேலை மறைந்துபோனதுதான் சோகம். சம்பளம் வாங்கியது கோடரி தேடுவதற்கு அல்ல, பாறை அடுக்குகளைப் படிப்பதற்கு.

பாலாற்றுக்கு வடக்கே உள்ள பகுதியைப் பற்றிய அவரது பெரிய அறிக்கை 1873-ல் வந்தது. இன்று கார், செல்போன் ஆலைகள் நிற்கும் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் களிப்பாறைகளும் மணற்பாறைகளும் அதில் இருக்கின்றன. வயது 12 கோடி ஆண்டுகளுக்கு மேல். அவற்றில் நிலத்துச் செடிகளின் இலைத் தடங்கள் இருந்தன, கடல் உயிரிகளின் புதைபடிவங்களும் இருந்தன. இலை எப்படிக் கடலுக்குள் போனது? கரையோரத் தரை தாழ்ந்து, கடல் உள்ளே வந்திருக்கிறது.

ஏன் தாழ்ந்தது என்ற விடை ஃபூட் காலத்தில் கிடையாது. கண்டங்கள் நகரும் என்ற கருத்து அப்போது அறிவியலில் ஏற்கப்பட்டிருக்கவில்லையே! இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரியத் தொடங்கியபோது கிழக்குக் கரையோரம் தரை பிளந்து, துண்டு துண்டாக இறங்கியது. ஒரு பக்கம் இறங்க இறங்க, அந்தப் பள்ளத்தில் மணலும் களியும் சேர்ந்துகொண்டே இருந்தன. படிவு நடக்கும்போதே பிளவும் நகர்ந்தால் ஒரு தடயம் மிஞ்சும்: அதே அடுக்கு, இறங்கிய பக்கத்தில் தடிமனாகவும் மறுபக்கத்தில் மெல்லியதாகவும் இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. பட்டுச் சேலைகளைச் சாய்ந்த பலகையில் அடுக்கிப் பாருங்கள். மேலே வைக்க வைக்க, ஒரு கட்டத்தில் அடுக்கே சறுக்கிவிடும். கடலடிச் சரிவில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஆறு கொட்டும் மணலின் பாரம் ஏற ஏற, அடியில் நீர் வெளியேற வழியில்லாத களி வழுக்கும் தளமாகிவிடுகிறது. மேலே உள்ள அடுக்கு வளைந்த பிளவு வழியாகக் கடல் பக்கம் நழுவும். இதற்குப் பூமியின் ஆழத்துப் பாறை உடைய வேண்டியதில்லை, சொந்தப் பாரமே போதும். கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் இப்படிச் சறுக்கிய அடுக்குகள் ஏராளம். எண்ணெய், எரிவாயு தேடுபவர்கள் இவற்றை உற்றுக் கவனிப்பார்கள். நழுவிய அடுக்கு வளைந்து மேடாகும் இடத்தில் வாயு தங்கலாம். அதே பிளவு வழியாகக் கசிந்தும் போகலாம்.

இந்தப் படமெல்லாம் நில அதிர்வு அலைகளை அனுப்பி எடுப்பது. ஃபூட்டிடம் சுத்தியல், திசைகாட்டி, நோட்டுப் புத்தகம் போன்ற கருவிகள்தான். ஓடைக் கரையிலும் கிணற்றிலும் தெரிந்ததை வைத்தே வரைந்தார். தெரியாத இடத்தில் ஊகத்தைத் திணிக்காமல், இலையையும் கடல் உயிரியையும் ஒரே அடுக்கில் பதிவு செய்து வைத்ததுதான் அவர் செய்த பெரிய காரியம்.

1891-ல் ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கவில்லை. பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காக வேலை பார்த்தார். வீடு ஏற்காட்டில். 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காடு தேவாலயத்தில் இருக்கிறது. அவர் சேர்த்த கல் கருவிகளை 1904-லேயே சென்னை அரசு அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிவிட்டது. எழும்பூருக்குப் போனால் பார்க்கலாம்.