நோயின் தடம் அறிந்தவர்

நுழையும்முன்

உலகின் ஏதோ ஒரு மூலையில் புதிய தொற்றுநோய் தோன்றினால், சில மணி நேரத்திற்குள் அச்செய்தி பிற நாடுகளைச் சென்றடைகிறது. விமான நிலையங்களும் துறைமுகங்களும் விழிப்படைகின்றன. ஆய்வுக்கூடங்கள் அந்நோய்க்கிருமியின் இயல்பை ஆராயத் தொடங்குகின்றன. இத்தகைய ஏற்பாடுகள் எவையும் முறையாக அமையாத காலத்தில், ஒரு கொள்ளைநோயின் வழியைக் கண்டறிந்து அதனை மறித்து நிறுத்தியவர் மருத்துவர் வூ லியன் தே. அவருடைய வாழ்க்கையை இப்பாடம் விவரிக்கிறது.

இளமையும் கல்வியும்

வூ லியன் தே 1879-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் பினாங்குத் தீவில் பிறந்தார். அன்று பினாங்கு ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. சீனாவின் தென்பகுதியிலிருந்து குடிபெயர்ந்த அவர் தந்தை பொற்கொல்லர். தாய் அம்மண்ணிலேயே பிறந்த சீனப் பெண். பினாங்கில் பள்ளிக்கல்வி பயின்ற வூ, 1896-இல் அரசியார் பெயரிலான கல்வி உதவித்தொகையை வென்று இங்கிலாந்து சென்றார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற முதல் சீன வழித்தோன்றல் அவரே. பின்னர் இலண்டனில் மருத்துவப் பயிற்சியும், லிவர்பூல், பாரிஸ், ஜெர்மனியின் ஹாலே ஆகிய இடங்களில் நுண்ணுயிரியல் பயிற்சியும் பெற்றார்.

1903-இல் மலாயா திரும்பிய வூ, சில காலம் ஆய்வுப் பணியில் ஈடுபட்டார். பின்னர்ப் பினாங்கில் மருத்துவத் தொழில் நடத்தினார். அபினி உழைப்பாளர்களின் வாழ்வைச் சிதைப்பதைக் கண்டு, அதற்கு எதிரான இயக்கத்தில் முன்னின்றார். அபினி வணிகத்தால் பெரும் வருவாய் ஈட்டியோருக்கு இது பிடிக்கவில்லை. மருத்துவப் பயன்பாட்டுக்காக அவர் வைத்திருந்த சிறிதளவு அபினிக் கரைசலைக் காரணம் காட்டி, 1907-இல் அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. இந்நிகழ்வு அவர் மனத்தைப் புண்படுத்தியது. அவ்வேளையில் சீன அரசு, தியான்ஜின் நகரிலிருந்த இராணுவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றுமாறு அவரை அழைத்தது. 1908-இல் அவர் சீனா சென்றார்.

பனிநிலத்தில் பரவிய நோய்

1910-ஆம் ஆண்டின் இறுதியில், சீனாவின் வடகிழக்கிலுள்ள மஞ்சூரியாவில் ஒரு கொடிய நோய் தோன்றியது. காய்ச்சல், இருமல், இரத்தம் கலந்த சளி என்று தொடங்கி, ஓரிரு நாள்களில் அது உயிரைப் பறித்தது. நோயுற்றோர் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்று சொல்லுமளவுக்கு அதன் கொடுமை இருந்தது.

நோய்க்கு முன்பாக அரசியலும் அங்கே நின்றது. மஞ்சூரியாவின் வடபகுதி இருப்புப்பாதை ரஷ்யரிடமும், தென்பகுதிப் பாதை ஜப்பானியரிடமும் இருந்தன. சீன அரசால் நோயைக் கட்டுப்படுத்த இயலாவிடின், அதனையே காரணமாகக் காட்டி அவ்விரு நாடுகளும் மஞ்சூரியாவில் மேலும் கால்பதிக்கக்கூடும் என்ற அச்சம் பெய்ஜிங்கில் நிலவியது. எனவே, சீன அயலுறவுத் துறை முப்பத்தொரு வயதே நிரம்பியிருந்த வூவை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. 1910 டிசம்பர் 24 அன்று, ஒரே ஒரு மருத்துவ மாணவரைத் துணையாகக் கொண்டு, ஒரு நுண்ணோக்கியுடனும் சில கருவிகளுடனும் அவர் அங்குச் சென்று இறங்கினார். உறைநிலைக்கும் மிகக் கீழான கடுங்குளிர் அந்நகரை வாட்டிக்கொண்டிருந்தது.

ஹார்பினை அடுத்த ஃபூச்சியாதியன் என்னும் சீனர் குடியிருப்பில் நோய் கடுமையாகப் பரவியிருந்தது. கூலி வேலைக்காகத் தென்பகுதியிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள், குளிருக்கு அஞ்சிச் சாளரங்களை அடைத்த தாழ்வான விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கியிருந்தனர். ஒருவர் நோயுற்றால், உடன் உறங்கியோரும் அடுத்தடுத்து நோயுற்றனர்.

நுண்ணோக்கி காட்டிய உண்மை

நோய் எதுவென அறியப் பிணக்கூறு ஆய்வு இன்றியமையாதது. ஆயின், இறந்தோர் உடலை அறுப்பதைச் சீன மரபு ஏற்கவில்லை. அந்நிலையில், விடுதி நடத்திய சீனர் ஒருவரின் மனைவியான ஜப்பானியப் பெண் நோயால் இறந்த செய்தி கிடைத்தது. டிசம்பர் 27 அன்று வூ அவ்விடத்திற்கு விரைந்து, மறைவாக ஆய்வை மேற்கொண்டார். நுரையீரல், இதயம், மண்ணீரல், கல்லீரல் ஆகியவற்றிலிருந்து எடுத்த மாதிரிகளை நுண்ணோக்கியில் கண்டபோது, பிளேக் நோய்க்குரிய நுண்ணுயிரி தெளிவாகத் தெரிந்தது.

பிளேக் நுண்ணுயிரி 1894-இல் ஹாங்காங்கில் கண்டறியப்பட்டிருந்தது. 1896-இல் மும்பையைத் தாக்கிய பிளேக்கில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறிகட்டியது. எலிகளின் மீது வாழும் தெள்ளுப்பூச்சிகள் அந்நோயை மனிதருக்குக் கடத்தின. எனவே, பிளேக் என்றாலே எலியை ஒழிப்பது என்பது மருத்துவ உலகின் நம்பிக்கையாக இருந்தது. ஆனால், ஹார்பினில் நூற்றுக்கணக்கான எலிகளை அறுத்துப் பார்த்தும் நுண்ணுயிரி அகப்படவில்லை. நோயுற்றோருக்கு நெறிகட்டவும் இல்லை, நுரையீரலே பாதிக்கப்பட்டிருந்தது.

இவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து நோக்கிய வூ, இது நுரையீரல் பிளேக் என்றும், இருமும்போது தெறிக்கும் நீர்த்திவலைகளின் வழியே மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகப் பரவுகிறது என்றும் முடிவு செய்தார். எலியைத் தேடுவதைவிட, மூச்சின் வழியை மறிப்பதே உடனடித் தேவை என்பது இதன் பொருளாயிற்று.

முகக்கவசம்

மெல்லிய துணியின் இரு மடிப்புகளுக்கிடையே பஞ்சினை வைத்து, காதுகளைச் சுற்றித் தலைக்குப் பின்னால் கட்டும் எளிய முகக்கவசத்தை வூ உருவாக்கினார். குறைந்த செலவில், எங்கும் கிடைக்கும் பொருளைக் கொண்டு எவரும் அதனைச் செய்துகொள்ள இயலும். மருத்துவர், செவிலியர், பிணம் சுமப்போர், காவலர் அனைவரும் அதனை அணிய வேண்டும் என அவர் வலியுறுத்தினார்.

அக்கருத்தை எல்லாரும் ஏற்கவில்லை. புகழ்பெற்ற பிரெஞ்சு மருத்துவர் ஜெரால்டு மெனி, முன்னர்ப் பிளேக் பரவிய இடத்தில் பணியாற்றிய பட்டறிவு உடையவர். வயதில் இளைய சீன மருத்துவர் ஒருவரின் கருத்தை அவர் பொருட்படுத்தவில்லை. இருவருக்கும் கருத்து வேறுபாடு முற்றியபோது, வூ தம் பதவியிலிருந்து விலகவும் முன்வந்தார். அரசோ வூவின் பக்கம் நின்றது. மெனி முகக்கவசம் அணியாமலேயே ரஷ்ய மருத்துவமனையில் நோயாளிகளைப் பரிசோதித்தார். சில நாள்களில் நோயுற்று, 1911 ஜனவரி 11 அன்று உயிர்நீத்தார். அவ்விழப்பு ஹார்பினை உலுக்கியது. அதன்பின் தெருக்களில் முகக்கவசம் அணியாதவரைக் காண்பது அரிதாயிற்று.

கடினமான முடிவுகள்

ஃபூச்சியாதியன் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு பகுதி மக்களும் தமக்குரிய வண்ணப் பட்டையைக் கையில் அணிந்தனர். இசைவின்றி வேறு பகுதிக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. பணியாளர் குழுக்கள் நாள்தோறும் வீடுவீடாகச் சென்று நோயுற்றோரைக் கண்டறிந்தன. நோயாளிகளோடு பழகியவர்கள், ரஷ்யரிடமிருந்து பெறப்பட்ட சரக்கு இரயில் பெட்டிகளில் தனித்து வைக்கப்பட்டனர். சீனப் புத்தாண்டுக்காக ஊர் திரும்பும் தொழிலாளர்களின் வழியே நோய் நாடெங்கும் பரவக்கூடும் என்பதால் இரயில் போக்குவரத்தும் கட்டுப்படுத்தப்பட்டது. இவை மக்களுக்குத் துன்பம் தந்தன. உறவினரைப் பிரிய மறுத்துச் சிலர் நோயாளிகளை மறைத்தும் வைத்தனர்.

எல்லாவற்றிலும் கடினமான முடிவு இனிமேல்தான் எடுக்கப்பட வேண்டியிருந்தது. நிலம் பாறைபோல் உறைந்துவிட்டதால், இறந்தோரைப் புதைக்கக் குழிதோண்ட இயலவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள், பெட்டிகளிலும் வெறும் நிலத்திலுமாக இடுகாட்டில் நெடுந்தொலைவுக்குக் கிடந்தன. குளிர் அவ்வுடல்களையும் அவற்றிலிருந்த நுண்ணுயிரிகளையும் அழியாது காத்தது. அவற்றை எரிப்பதன்றி வேறு வழியில்லை என வூ உணர்ந்தார். முன்னோர் உடலைப் புதைத்து வழிபடுவதைத் தலையாய கடனாகக் கருதிய சமூகத்தில், உடல்களை மொத்தமாக எரிப்பது பெரும் பழியாக எண்ணப்பட்டது. வூ உள்ளூர்ப் பெரியோரையும் அதிகாரிகளையும் அழைத்து இடுகாட்டை நேரில் காட்டினார். அவர்களின் ஒப்புதலோடு பேரரசின் இசைவை வேண்டித் தந்தி அனுப்பினார். சில நாள்களில் இசைவு கிடைத்தது. ஜனவரி இறுதியில், சீனப் புத்தாண்டை ஒட்டி, அவ்வுடல்கள் எரியூட்டப்பட்டன.

அதன்பின் இறப்பு எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஹார்பின் பகுதியில் நோய் முற்றிலும் நின்றது. மஞ்சூரியா முழுவதிலும் ஏறத்தாழ 60,000 பேர் இறந்திருந்தனர். நோய்த்தடுப்புப் பணியில் ஈடுபட்ட மருத்துவர்களும் தொழிலாளர்களும் அவர்களுள் அடங்குவர்.

நோயின் தோற்றுவாயைத் தேடி

1911 ஏப்ரலில் முக்டன் நகரில் பன்னாட்டுப் பிளேக் மாநாடு கூடியது. பதினொரு நாடுகளின் அறிவியலாளர்கள் பங்கேற்ற அம்மாநாட்டிற்கு வூ தலைமை தாங்கினார். ஜப்பானின் கிட்டசாட்டோ, ரஷ்யாவின் ஜபலோட்னி முதலிய பெரும் அறிஞர்கள் அதில் கலந்துகொண்டனர். தாம் கண்டவற்றை ஒளிக்காமல் அனைவரும் பகிர்ந்துகொண்டதே அம்மாநாட்டின் சிறப்பு.

நோய் எங்கிருந்து வந்தது என்ற வினாவுக்கும் விடை தேடப்பட்டது. மங்கோலியாவிலும் மஞ்சூரியாவின் எல்லைப் பகுதியிலும் வளைகளில் வாழும் டார்பகன் என்னும் கொறிவிலங்கின் தோலுக்கு அக்காலத்தில் ஐரோப்பாவில் விலை ஏறியிருந்தது. மங்கோலிய வேட்டைக்காரர்கள் நோயுற்ற விலங்கைத் தொடாதிருக்கும் வழக்கத்தை வழிவழியாகக் காத்துவந்தனர். விலையை நாடித் திரண்ட புதிய வேட்டைக்காரர்களோ அதனை அறியாதவர்கள். அவர்களிடமிருந்து விடுதிகளுக்கும், விடுதிகளிலிருந்து இருப்புப்பாதை வழியே நகரங்களுக்கும் நோய் பயணம் செய்தது. காட்டு விலங்கு, வணிகம், போக்குவரத்து, வறுமை ஆகிய நான்கும் இணைந்தே ஒரு கொள்ளைநோயை உருவாக்குகின்றன என்பது இதனால் விளங்கியது.

கண்காணிப்பே காப்பு

நோய் நின்றவுடன் பணி முடிந்ததென வூ கருதவில்லை. 1912-இல் அவர் தலைமையில் வடமஞ்சூரியப் பிளேக் தடுப்புப் பணி அமைப்பு தொடங்கப்பட்டது. மருத்துவமனைகள், ஆய்வுக்கூடம், எல்லைப்புறக் கண்காணிப்பு ஆகியன அதன்கீழ் அமைந்தன. இதன் பயன் 1920-ஆம் ஆண்டில் தெரிந்தது. மீண்டும் நுரையீரல் பிளேக் தோன்றியபோது, முந்தைய பேரழிவோடு ஒப்பிட இறப்பு மிகக் குறைவாக, பத்தாயிரத்திற்குள் நின்றது.

1925-இல் பன்னாட்டுச் சங்கம் சிங்கப்பூரில் ஒரு தொற்றுநோய்ச் செய்தி நிலையத்தைத் திறந்தது. ஆசியத் துறைமுகங்களிலிருந்து நோய்ச் செய்திகள் தந்தி வழியே அங்குக் குவிந்தன. அவை தொகுக்கப்பட்டு எல்லாத் துறைமுகங்களுக்கும் அறிவிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில், நுரையீரல் பிளேக் பற்றி வூ எழுதிய விரிவான நூலைப் பன்னாட்டுச் சங்கம் வெளியிட்டது. 1930-இல் சீனாவின் தேசியத் தொற்றுத்தடுப்புப் பணி அமைப்பின் தலைவரானார் வூ. அயலார் வசமிருந்த துறைமுகத் தொற்றுத்தடுப்பு ஆய்வு இதனால் சீனாவின் பொறுப்பிற்கு வந்தது. 1935-இல் நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது.

இறுதிக்காலம்

1937-இல் ஜப்பானியப் படையெடுப்பால் சீனா சிதைந்தபோது, வூ மலாயா திரும்பினார். உலகம் அறிந்த அம்மருத்துவர், ஈப்போ நகரில் எளிய மருத்துவராகப் பல்லாண்டுகள் நோயாளிகளுக்குப் பணியாற்றினார். தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1959-இல் வெளியிட்டார். 1960 ஜனவரி 21 அன்று, தாம் பிறந்த பினாங்கிலேயே காலமானார்.

நோயைக் கண்டு அஞ்சி ஓடியவர்களுக்கு நடுவே, அந்நோய் எவ்வழி வருகிறது என்று நின்று பார்த்தவர் வூ லியன் தே. பழைய அறிவு தவறெனக் கண்முன் தெரிந்தபோது அதனைக் கைவிடும் துணிவு அவரிடம் இருந்தது. மக்களின் உணர்வைப் புண்படுத்தும் முடிவையும், அவர்களுக்கு எடுத்துரைத்து இசைவு பெற்ற பின்னரே அவர் செயற்படுத்தினார். உண்மையை மறைக்காது உடனே பகிர்தல், நோயின் தோற்றுவாயைத் தேடுதல், நோயில்லாக் காலத்திலும் விழித்திருத்தல் என்னும் அவருடைய நெறிகள், புதிய நோய்களை எதிர்கொள்ளும் இன்றைய உலகிற்கும் தேவையானவை.