தயிரை நம்பிய விஞ்ஞானி

வடநாட்டுக்குப் படிக்க வந்த முதல் ஆண்டில் விடுதிச் சாப்பாடு என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தயிர்சாதம் சாப்பிடடா, சரியாகிவிடும் என்றாள் அம்மா. நுண்ணுயிரியல் மாணவனாயிற்றே, சும்மா இருப்பேனா? காரணம் தேடப் புறப்பட்டேன். ஒரு ருஷ்ய விஞ்ஞானியின் வாழ்க்கையில் போய் நின்றேன்.

இலியா மெச்னிகாவ் 1845-இல், இன்றைய உக்ரைனில் கார்க்கோவ் நகருக்கு அருகே பிறந்தார். நான்காண்டுப் பட்டப்படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்த மேதை. ஆனால் துயரம் அவரை விடவில்லை. காசநோயால் நலிந்த முதல் மனைவி 1873-இல் இறந்தபோது, மனமுடைந்து உயிரை விடவும் துணிந்தார், தப்பிப் பிழைத்தார்.

1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் முற்றுகையிட்டு நின்றன! கிருமிகளை விழுங்கிக் காக்கும் படை உடலுக்குள்ளேயே உண்டு என்ற அவருடைய கொள்கை இதிலிருந்தே பிறந்தது. 1888-இல் பாரிஸின் பாஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பிறகு மூப்பை ஆராய்ந்தார். பெருங்குடலில் உண்டாகும் அழுகல் நஞ்சே உடலைத் தளர்த்துகிறது என்று கருதினார். பல்கேரியாவில் புளித்த பால் உண்போர் நெடுநாள் வாழ்வதாக அறிந்து, பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாவின் லாக்டிக் அமிலம் அந்த அழுகலைத் தடுக்கும் என்று நம்பினார். தாமும் நாள்தோறும் அதை அருந்தினார். 1916-இல், 71-ஆம் வயதில், இதயநோயால் மறைந்தார்.

அவர் சொன்னதெல்லாம் நிலைக்கவில்லை. அந்தப் பல்கேரிய பாக்டீரியா மனிதக் குடலில் குடியேறித் தங்குவதில்லை என்று பின்வந்தோர் கண்டனர். நுண்ணுயிரின் வகைக்கு ஏற்பப் பலனும் மாறும். ஆன்டிபயாடிக் மருந்தால் வரும் வயிற்றுப்போக்கைச் சில வகைகள் குறைக்கின்றன. எல்லா நோய்க்கும் அவை மருந்தாகா. ஆயினும் குடல் நுண்ணுயிர்களுக்கும் நம் நலத்துக்கும் உறவு உண்டு என்ற அவர் எண்ணம் இன்று பெரிய ஆராய்ச்சித் துறையாக வளர்ந்திருக்கிறது.

என் வயிறு தேறியது தயிராலா, பழக்கத்தாலா? சொல்லத் தெரியவில்லை. ஒருவன் வயிறு சோதனைக்குச் சான்றாகாது அல்லவா? ஆனால் நண்பர்களே, சோதனைகள் பொய்த்து, ஊருக்கே திரும்பிவிடலாமா என்று விழித்துக் கிடந்த இரவுகள் எனக்கும் உண்டு. வாழ்வே வேண்டாம் என்றிருந்தவர், பிறர் நெடுநாள் வாழ வழி தேடினார் என்பதை அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் புறப்பட அது போதுமாயிருந்தது.