இருமுறை விக்டோரியா சிலுவை பெற்ற வைத்தியர் நோயல் ஷவாஸ்

யுத்தகளத்தில் காட்டும் வீரத்துக்கென்று பிரிட்டிஷ் அரசாங்கத்தார் வழங்கும் விருதுகளில் தலையாயது விக்டோரியா சிலுவை. 1856-ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியாரால் ஏற்படுத்தப்பட்ட இது பொன்னாலோ வெள்ளியாலோ ஆயதன்று. வெண்கலத்தாலான சிறு சிலுவையே. அதனை இருமுறை பெற்றோர் இதுகாறும் மூவரே. பகைவரைக் கொன்று குவித்தார்க்கே இப்பெருமை உரியதென்று எண்ணத் தோன்றும். ஆயின் அம்மூவருள் இருவர் நோயாளியின் நாடி பார்த்த வைத்தியர்கள். ஒருவர் ஆர்தர் மார்ட்டின் லீக். மற்றவர், முதல் உலக மகாயுத்தத்திலேயே இரண்டையும் பெற்ற நோயல் ஷவாஸ். பின்னவரது சரித்திரத்தை நம் இதழ் படிக்கும் குடும்பத்தார்க்கு, சிறப்பாக வைத்தியக் கல்வியில் பிள்ளைகளைச் சேர்க்க விரும்பும் பெற்றோர்க்கு, எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இவர் 1884-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி ஆக்ஸ்போர்டு நகரில் இரட்டையருள் ஒருவராகப் பிறந்தார். உடன்பிறந்தவர் கிறிஸ்டோபர். தந்தையார் பிரான்சிஸ் ஷவாஸ் கிறிஸ்தவ குருமார். 1900-இல் லிவர்ப்பூல் நகரின் பிஷப்பாக உயர்ந்தவர். இரட்டையர் இருவரும் ஆக்ஸ்போர்டு டிரினிட்டி கல்லூரியில் பயின்றனர்; ஓட்டத்திலும் வல்லவராயிருந்தனர். 1908-இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் 400 மீட்டர் ஓட்டத்தில் இருவரும் கலந்துகொண்டனர். பதக்கம் எதுவும் கிட்டவில்லை. 1912-இல் வைத்தியராகப் பதிவுபெற்ற நோயல், லிவர்ப்பூலில் எலும்பு வைத்தியத்தில் பெயர்பெற்ற ராபர்ட் ஜோன்ஸ் என்பாரிடம் பணிபுரிந்து தேர்ச்சி பெற்றார். மறு ஆண்டில் ராணுவ வைத்தியப் படையில் சேர்ந்து, ‘லிவர்ப்பூல் ஸ்காட்டிஷ்’ என்னும் பட்டாளத்துக்கு வைத்தியரானார்.

1914-ஆம் ஆண்டு நவம்பரில் அப்பட்டாளம் பிரான்சுக்குச் சென்றது. பட்டாளத்து வைத்தியரின் பணி இன்னதென்று அறிந்தாலன்றி இவரது செயலின் அருமை விளங்காது. போர்க்குழிகளுக்குச் சற்றுப் பின்னே ஒரு நிலவறையிலோ இடிந்த வீட்டிலோ வைத்தியர் தங்குவார். தூக்குக்கட்டில் சுமப்போர் காயமுற்றவரைக் கொணர்வர். இரத்தத்தை நிறுத்திக் கட்டுக்கட்டி, வலிக்கு மருந்து கொடுத்துப் பின்னணிக்கு அனுப்புவதோடு வைத்தியர் கடமை தீரும். அவர் முன்னே சென்று காயமுற்றோரைத் தேடவேண்டுமென்று விதி கட்டாயப்படுத்தவில்லை.

ஷவாஸ் கடமையை அவ்வளவில் நிறுத்திக்கொள்ளவில்லை. முதற் குளிர்காலத்தில் குண்டைவிட நோயும் சேறும் குளிருமே சிப்பாய்களை மிகுதியாக வீழ்த்தின. நீரில் ஊறிய கால்கள் வீங்கி அழுகத் தொடங்கின. இவர் தம் கைப்பணத்தைச் செலவிட்டுக் காலுறைகள் வரவழைத்து வழங்கினார். மனந்தளர்ந்த சிப்பாயைக் கோழையென்று இகழாது, தம் வைத்திய நிலையத்திலேயே சிறு வேலை கொடுத்துத் தேறவைப்பார். இத்தகைய பணிக்குப் பதக்கம் ஏது? ஆயினும் சிப்பாய்கள் இவரை நேசித்ததற்கு இதுவே முதற் காரணமென்பது எம் கருத்து.

1915 ஜூனில் பெல்ஜியத்தின் ஹூஜ் என்னுமிடத்து நிகழ்ந்த போரில் அப்பட்டாளம் பெருஞ்சேதமடைந்தது. அங்கே புரிந்த சேவைக்காக இவருக்கு மிலிட்டரி கிராஸ் என்னும் பதக்கம் கிடைத்தது.

1916 ஆகஸ்டில் கில்மோன் கிராமத்தருகே நடந்த போரே முதல் விக்டோரியா சிலுவைக்குக் காரணம். பகல் முழுவதும் பகைவர் கண்ணெதிரே திறந்தவெளியில் காயங்களுக்குக் கட்டுக்கட்டினார். இரவில் பகைவர் குழிகளுக்கு முன்னே நான்கு மணி நேரம் காயமுற்றோரைத் தேடித் திரிந்தார். மறுநாள் ஆபத்தான நிலையிலிருந்த ஒருவரை, குண்டுகள் வெடித்துக்கொண்டிருக்க, 500 கஜ தூரம் சுமந்து வந்தார். வழியில் குண்டுச் சிதறல் இவர் விலாவில் பாய்ந்தது. அன்றிரவே இருபது தொண்டர்களை அழைத்துச் சென்று, பகைவர் குழிக்கு 25 கஜத்திலிருந்த பள்ளத்தினின்று மூவரை மீட்டார்; இறந்த அதிகாரிகள் இருவரைப் புதைத்தார்; மாண்டோரின் அடையாள வில்லைகள் பலவற்றைச் சேகரித்தார். அவ்வில்லைகளால் மாண்டோர்க்கு ஆவதென்னவென்று கேட்கலாம். உடலும் கிடைக்காது, செய்தியும் வாராது, வாசலை நோக்கியே காத்திருக்கும் வீட்டின் துயரை அறிந்தவர் அவற்றின் அருமையை அறிவர். ஏறக்குறைய இருபது உயிர்கள் இவரால் பிழைத்தன. 1917 பிப்ரவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தம் கையாலேயே சிலுவையை அணிவித்தார்.

இங்கே ஓர் ஐயம் எழுதல் இயல்பு. வருஷக்கணக்கில் பயின்ற வைத்தியர், யாரும் செய்யக்கூடிய சுமைவேலைக்குத் தம் உயிரைப் பணயம் வைக்கலாமா? அவர் இறந்தால், பின்வரும் நூறு பேரைக் காப்பவர் யார்? இது அற்பமான கேள்வியன்று. ராணுவத்தாரும் வைத்தியர்களை இழக்கத் தயங்கியதுண்டு. எனினும், இருளில் கிடக்கும் ஒருவனைத் தொட்டுப் பார்த்து, இவன் பிழைப்பான், இவனை முதலில் எடுங்கள் என்று அங்கேயே தீர்மானிக்கும் அறிவு வைத்தியரிடமே உள்ளது. தூக்குக்கட்டில் சுமப்போரை அனுப்பிவிட்டுத் தாம் பின்னே இருக்க ஷவாஸுக்கு மனமும் ஒப்பவில்லை. கணக்குப் பார்ப்பவர் இவரைக் குறை கூறக்கூடும், எம்மால் இயலவில்லை.

1917 ஜூலை 31-இல் ஈப்பர் நகரருகே பெரும்போர் தொடங்கியது. அதற்குச் சில வாரங்கள் முன்னரே, ஜூலைத் தொடக்கத்தில், இவருடைய தம்பி எய்டன் போரில் மாண்டிருந்தார். நோயல், கிளாடிஸ் என்னும் உறவுப் பெண்ணை மணப்பதாக நிச்சயமாகியிருந்தது. போரின் தொடக்கத்திலேயே காயமுற்ற ஒருவரைச் சுமந்து வருகையில் இவர் தலையில் அடிபட்டது. பின்னணிக்குச் செல்ல மறுத்துவிட்டார். மழை பெய்து சேறாகிய நிலத்தில், உணவின்றி, மயக்கம் வர வர, இரு நாட்கள் வெளியே சென்று காயமுற்றோரைத் தேடியெடுத்தார். ஆகஸ்டு 2-ஆம் தேதி விடியுமுன் குண்டொன்று வைத்திய நிலையத்தினுள்ளேயே விழுந்து வெடித்தது. வயிற்றில் பெருங்காயமுற்ற ஷவாஸ், அந்நிலையிலும் பிறருக்கு உதவி வேண்டித் தவழ்ந்து வெளியேறினார்.

இவரைப் பிராண்ட்ஹூக் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசென்ற ஆம்புலன்ஸ் பிரிவுக்குத் தலைவர், அதுவரை அச்சிலுவையை இருமுறை பெற்ற ஒரே வீரரான மார்ட்டின் லீக்! சத்திர சிகிச்சை செய்தும் பயனில்லை. ஆகஸ்டு 4-ஆம் தேதி, முப்பத்திரண்டாம் வயதில் உயிர்நீத்தார். இரண்டாம் விருது செப்டம்பரில் பிரசுரமாயிற்று. ஒரு மாத இடைவெளியில் இரு புதல்வரை இழந்த பெற்றோர்க்கு அச்செய்தி எவ்வாறிருந்திருக்கும்!

உடன்பிறந்த கிறிஸ்டோபர் அதே யுத்தத்தில் படைக் குருவாகச் சேவை செய்து, மிலிட்டரி கிராஸ் பெற்று, பிற்காலத்தில் ரோசெஸ்டர் பிஷப்பானார். 1898-இல் தோன்றிய ராணுவ வைத்தியப் படையும் 2024-இல் செவிலியர், பல் வைத்தியர் படைகளோடு இணைந்து வேறு பெயர் பெற்றுவிட்டது.

இரண்டாம் முறை இவ்விருது பெறுவோர்க்கு மற்றொரு சிலுவை தருவதில்லை. முதற் சிலுவையின் நாடாவில் ஒரு பட்டையைச் சேர்ப்பதே வழக்கம். ஆயினும் பெல்ஜியத்தில் பிராண்ட்ஹூக் புதிய ராணுவ இடுகாட்டில் ஷவாஸ் அடங்கிய இடத்து நடுகல்லில் இரண்டு சிலுவைகளைச் செதுக்கியிருக்கிறார்கள்.