சுறாக்களைக் கணக்குப் போட்டவர்



கணக்கு என்றாலே உங்களில் சிலருக்கு வேப்பங்காய். கடையில் மீதிச் சில்லறையை எண்ணத் தெரிந்தால் போதாதா, இந்த அல்ஜீப்ரா எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. கடலுக்குள் நீந்தும் மீன்களைக் கரையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் தெரிந்துகொள்வோமா? அவர் பெயர் விட்டோ வோல்ட்டெரா. இத்தாலி நாட்டுக் கணித மேதை.

அட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள அங்கோனா என்ற துறைமுக நகரில், 1860-ஆம் ஆண்டு மே 3-ஆம் தேதி வோல்ட்டெரா பிறந்தார். துணி வியாபாரியான தந்தை, மகனுக்கு இரண்டு வயதாகும்போதே இறந்துவிட்டார். கையில் காசு இல்லாத தாயும் பிள்ளையும் தாய்மாமாவின் ஆதரவில் வாழ்ந்தார்கள்.

பதின்மூன்று வயதில் அவர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நிலவுப் பயணக் கதையைப் படித்தார். பீரங்கியிலிருந்து சுடப்பட்ட குண்டுக்குள் மனிதர்கள் உட்கார்ந்து நிலவை நோக்கிப் போகும் கதை அது. நாமாக இருந்தால் படித்து ரசித்துவிட்டு மூடி வைத்திருப்போம். அந்தச் சிறுவனோ, பூமி ஒரு பக்கமும் நிலவு ஒரு பக்கமும் இழுத்தால் குண்டு எந்தப் பாதையில் போகும் என்று யோசித்தான். பெரிய கணித அறிஞர்களையே திணற வைக்கும் கேள்வி அது. பெரிய முறுக்கைத் துண்டு துண்டாக உடைத்துச் சாப்பிடுகிறோம் அல்லவா? அதுபோல நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டான்.

வீட்டில் வறுமை. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போ என்றார்கள் பெரியவர்கள். பையன் அசையவில்லை. அவனுக்குப் புத்தி சொல்லும்படி, உறவினரான ஒரு பொறியாளரிடம் அனுப்பினார்கள். அவனோடு பேசிப் பார்த்த அந்தப் பொறியாளர், கடைசியில் பையன் பக்கமே சாய்ந்துவிட்டார்! ஃபுளோரன்ஸ் நகரில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ரோயிட்டி என்பவரும், பள்ளிப் படிப்பு முடியும் முன்பே அவனைத் தன் ஆய்வகத்தில் உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார்.

பிறகு ஏறுமுகம்தான். பீசா நகரில் படித்து, 1882-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே, 23 வயதில், அங்கேயே பேராசிரியர் ஆனார். 1900-இல் ரோம் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1905-இல் நாட்டின் செனட் சபை உறுப்பினராகவும் ஆனார்.

அவருக்குப் புகழ் தந்தது தொகையீட்டுச் சமன்பாடுகள் என்ற கணிதப் பகுதி. ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்துங்கள். அது எப்போது ஒடியும் என்பது இப்போதைய வளைவை மட்டும் பொறுத்ததல்ல. முன்பு எத்தனை முறை வளைத்தீர்கள் என்பதையும் பொறுத்தது. இப்படிப் பழைய நினைவைச் சுமக்கும் பொருள்களையும் கணக்கில் கொண்டுவர வழி கண்டார் அவர்.

முதல் உலகப் போரில் இத்தாலி இறங்கியபோது அவருக்கு வயது 55. அந்த வயதிலும் ராணுவத்தில் சேர்ந்து, ஆகாயக் கப்பல்களில் பறந்து ஆராய்ச்சி செய்தார். எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியம் வாயுவை அவற்றில் நிரப்பலாம் என்று யோசனை சொன்னார்.

போர் முடிந்த பின் ஒரு புதிர் அவரைத் தேடி வந்தது. அவருடைய மகள் லூயிசாவுக்குக் கணவராக வரவிருந்த உம்பர்ட்டோ டி அங்கோனா ஒரு விலங்கியல் அறிஞர். அட்ரியாட்டிக் கடலோர மீன் சந்தைகளின் கணக்கேடுகளை அவர் புரட்டிப் பார்த்தார். ஃபியூமே துறைமுகத்தில் 1914-இல் பிடிபட்ட மீன்களில் 100-க்கு 12 பங்குதான் சுறா இனத்தைச் சேர்ந்தவை. போர் நடந்த 1918-இல் அது 36 பங்கு! போர் முடிந்து 1923-இல் மறுபடியும் 11 பங்குக்கு இறங்கிவிட்டது. போர்க்காலத்தில் மீன்பிடிப்பு குறைந்திருந்தது. அப்படியானால் எல்லா மீன்களும்தானே பெருக வேண்டும்? சுறாவுக்கு மட்டும் ஏன் அதிக லாபம்?

வோல்ட்டெரா இரண்டு சமன்பாடுகளை எழுதினார். ஒன்று சிறுமீன்களுக்கு, ஒன்று சுறாக்களுக்கு. சிறுமீன் பெருகினால் சுறாவுக்கு விருந்து, சுறா பெருகும். சுறா பெருகினால் சிறுமீன் குறையும். இரை குறைந்தால் சுறா பட்டினியில் மடியும். சுறா குறைந்தால் சிறுமீன் மீண்டும் பெருகும். ராட்டினம்போல இது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் மனிதன் வலை வீசினால்? வலையில் சுறாக்களும் சிக்கும். அந்த இழப்பை ஈடுகட்டச் சுறாக்களுக்குக் கூடுதல் இரை வேண்டும். அது கிடைக்காதவரை அவை குறைந்துகொண்டே போகும்; சிறுமீன்களுக்குக் கொண்டாட்டம். வலை நின்றால் எல்லாம் தலைகீழ். சுறாக்களின் கை ஓங்கும். புதிர் அவிழ்ந்தது! 1926-இல் இதை வெளியிட்டார். அமெரிக்காவில் வாழ்ந்த ஆல்பிரட் லோட்கா என்பவரும் தனியாக இதே சமன்பாடுகளைக் கண்டிருந்தார். அதனால் இருவர் பெயராலும் அவை வழங்குகின்றன.

இது மீனோடு முடியவில்லை. பூச்சியையும், அதைத் தின்னும் பொறிவண்டையும் சேர்த்தே கொல்லும் மருந்தைத் தெளித்தால், பிறகு பூச்சியே அதிகமாகலாம் என்பதும் இதே கணக்குதான்.

அறிவைவிடப் பெரிய சோதனை இனிமேல்தான் வந்தது. முசோலினி என்ற சர்வாதிகாரியின் கையில் இத்தாலி சிக்கியிருந்தது. 1931-இல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எல்லாரும் பாசிச ஆட்சிக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சுமார் 1,200 பேரில் மறுத்தவர்கள் ஏறக்குறைய 12 பேர்தான். அவர்களில் ஒருவர் 71 வயது வோல்ட்டெரா. ரோம் நகரில் முப்பது ஆண்டுகளாகக் கட்டிக்காத்த பதவி போயிற்று. 1934-இல், தாம் தலைவராக இருந்த லின்சை அகாடமியிலிருந்தும் அவரை விலக்கினார்கள். 1938-இல் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் வந்தன. யூதரான அவருக்குச் சொந்த நாடே அந்நியமாயிற்று. அப்போதும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை, பணியவும் இல்லை. 1940 அக்டோபர் 11 அன்று ரோம் நகரில் மறைந்தார்.

ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் பதவி தப்பியிருக்கும். ஆனால் தவறான விடைக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட விரும்பவில்லை.

குழந்தைகளே! நிலவின் மறுபக்கத்தில் ஒரு பெரும் பள்ளத்துக்கு இன்று வோல்ட்டெரா என்று பெயர். பதின்மூன்று வயதில் எந்த நிலவுக்குக் கணக்குப் போட்டாரோ, அந்த நிலவிலேயே அவர் பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த முறை கதைப் புத்தகம் படிக்கும்போது, இது உண்மையில் நடக்குமா என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலும் தாளும் இருக்கட்டும்!