முதுகில் ஏறிய சிலிண்டர்... மனிதனுக்குக் கடலைத் திறந்துவிட்ட ஜாக் கூஸ்தோ யார்?

கடலுக்கடியில் மீன்களோடு மீனாக நீந்துகிற வீடியோக்களை நீங்க பார்த்திருப்பீங்க. முதுகில் ஒரு சிலிண்டர், வாயில் ஒரு ரெகுலேட்டர். இவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சிலிண்டர் முதுகில் ஏறியதற்குப் பின்னால் ஒரு கடற்படை அதிகாரியின் பிடிவாதம் இருக்கு. சில நெருங்கிய மரணங்களும் இருக்கு. அவர்தான் பிரான்ஸின் ஜாக் கூஸ்தோ.

விமானி ஆக நினைத்தவர்

1910 ஜூன் 11-ம் தேதி, போர்தோ நகருக்கு அருகே சாந்த் ஆந்த்ரே தெ கூப்சாக் என்ற சிற்றூரில் பிறந்தார் கூஸ்தோ. கடற்படையில் சேர்ந்தாலும் அவருடைய ஆசையெல்லாம் விமானம் ஓட்டுவதில்தான். ஒரு கார் விபத்து அந்தக் கனவை முடித்துவைத்தது. கைகள் முறிந்தன. பலம் திரும்ப நீச்சலடிக்கத் தொடங்கினார்.

1936-ல் தூலோன் கடற்கரையில் நண்பர் ஃபிலிப் தையே கொடுத்த நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விட்டார். அவ்வளவுதான், ஆளே மாறிட்டார். அடுத்த ஆண்டு சிமோன் மெல்ஷியோரைத் திருமணம் செய்தார். சிமோனின் அப்பா, 'ஏர் லிக்விட்' என்ற வாயு நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். இந்த உறவுதான் பின்னாடி பெரிய திருப்பமாகப் போகுது.

மூச்சுதான் பிரச்சினை

அந்தக் காலத்தில் கடலுக்குள் இறங்கணும்னா கனமான ஹெல்மெட் உடை போடணும். மேலே படகிலிருந்து குழாய் வழியாகக் காற்று வரும். குழாய் எட்டும் தூரம்தான் போக முடியும். இவ் லெ ப்ரியர் என்பவர் சிலிண்டரோடு இறங்கும் கருவியை ஏற்கெனவே செய்திருந்தார். ஆனால் அதில் காற்று நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கூஸ்தோ சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்தும் பார்த்தார். குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே சுத்த ஆக்ஸிஜனே விஷமாகிவிடும். இரண்டு முறை வலிப்பு வந்து மயிரிழையில் தப்பினார்.

கார் வால்வு காப்பாற்றிய கதை

இரண்டாம் உலகப் போர். ஜெர்மனியின் பிடியில் பிரான்ஸ். பெட்ரோல் கிடைக்காததால் கார்களை வாயுவில் ஓட்ட வழி தேடிக்கொண்டிருந்தார் ஏர் லிக்விட் பொறியாளர் எமில் கன்யான். எஞ்சின் இழுக்கும் அளவுக்கு மட்டும் வாயுவை விடும் ஒரு சின்ன வால்வை அவர் செய்திருந்தார். மாமனார் மூலம் 1942 டிசம்பரில் பாரிஸில் அவரைச் சந்தித்தார் கூஸ்தோ. அவர் தேடியதும் இதுதான்: மூச்சை இழுத்தால் மட்டும் காற்று வரணும், அதுவும் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக வரணும்.

1943 ஜனவரியில் மார்ன் ஆற்றில் சோதனை. படுத்த நிலையில் நீந்தியபோது அருமையாக வேலை செய்தது. நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகக் கொட்டியது. தலைகீழாகத் திரும்பினால் மூச்சே இழுக்க முடியவில்லை.

ஏன்? தண்ணீரில் ஒவ்வொரு அடி உயரத்துக்கும் அழுத்தம் மாறும். காற்றைத் தரும் ரெகுலேட்டர் ஓர் உயரத்திலும், விட்ட மூச்சு வெளியேறும் வழி வேறோர் உயரத்திலும் இருந்ததுதான் கோளாறு. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். பிரச்சினை தீர்ந்தது. அந்த ஜூன் மாதம் மத்தியதரைக் கடலில், முதுகில் மூன்று சிலிண்டர்களோடு கூஸ்தோ சுதந்திரமாக நீந்தினார். கருவிக்கு 'அக்வா லங்' என்று பெயர்.

உயிரைக் காப்பாற்றியவரின் உயிர்

1946-ல் வோக்ளூஸ் என்ற இடத்தில் நீரூற்றுக் குகைக்குள் கூஸ்தோவும் நண்பர் ஃப்ரெடெரிக் துமாவும் இறங்கினார்கள். உள்ளே போனதும் இருவருக்கும் புத்தி தடுமாறியது. மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் மோரிஸ் ஃபார்க். கூஸ்தோ கயிற்றைப் பிடித்து ஏற ஏற, இன்னும் கயிறு கேட்கிறார் என்று நினைத்து ஃபார்க் கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். கடைசி நேரத்தில் ஏதோ தப்பு என்று புரிந்து இழுத்ததால் இருவரும் பிழைத்தார்கள். சிலிண்டரில் காற்று நிரப்பிய கம்ப்ரஸர், தன் எஞ்சின் புகையையே உறிஞ்சி உள்ளே அடைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த ஆண்டே, அதே ஃபார்க் ஆழச் சாதனை முயற்சியில் சுமார் 120 மீட்டர் வரை இறங்கினார். அங்கே தொங்கவிட்ட பலகையில் கையெழுத்தும் போட்டார். உயிரோடு திரும்பவில்லை. கூஸ்தோவைக் காப்பாற்றியவரை, கூஸ்தோவின் குழுவால் காப்பாற்ற முடியவில்லை.

இப்போ சிலிண்டரை எப்படி மாட்டுறாங்க?

அன்று முதுகில் வெறும் வார்ப்பட்டை, இடுப்பில் ஈயக் கட்டி. மிதப்பைக் கூட்டிக் குறைக்க நுரையீரலில் உள்ள மூச்சுதான் கைகொடுத்தது. ஆழம் போகப் போக ரப்பர் உடை அமுங்கி மிதப்பு குறையும். காற்று செலவாகச் செலவாகச் சிலிண்டர் இரண்டு கிலோவுக்கு மேல் எடை குறையும்.

இதைச் சமாளிக்க வந்த முறைகளில் ஒன்றுதான் 'பேக்பிளேட் - விங்'. முதுகில் ஸ்டீல் அல்லது அலுமினியத் தகடு, அதில் கோர்த்த ஒரே நீளப் பட்டை. தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் காற்றுப் பை, அதுதான் விங். ஒற்றைச் சிலிண்டர் என்றால் இரண்டு பட்டைகள் தகடு, விங் இரண்டின் துளைகளிலும் நுழைந்து சிலிண்டரை இறுக்கிப் பிடிக்கும். பட்டை நனைந்தால் தளரும் என்பதால் முதலிலேயே நனைத்துத்தான் இறுக்குவார்கள். பிறகு தகட்டைப் பிடித்துத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார்கள். சிலிண்டர் வழுக்கினால் திரும்ப மாட்டணும். தலையைப் பின்னால் சாய்த்தால் வால்வில் இடிக்கவும் கூடாது. ஃபுளோரிடாவின் குகை டைவர்கள்தான் இந்த முறையைப் பரப்பினார்கள்.

வேட்டையிலிருந்து காவலுக்கு

'கலிப்ஸோ' கப்பலில் உலகம் சுற்றிய கூஸ்தோவின் 'மௌன உலகம்' படம் 1956-ல் கான் விழாவில் தங்கப் பனை விருது வென்றது. அடுத்து ஆஸ்கரும் கிடைத்தது. அதே படத்தில் மீன்களைக் கணக்கெடுக்க வெடி வைத்ததும், சுறாக்களைக் கொன்றதும் இருக்கு. அந்த விமர்சனம் இன்னும் ஓயவில்லை. ஆனால் மனுஷன் மாறினார். 1960-ல் அணுக் கழிவைக் கடலில் கொட்டும் திட்டத்தை எதிர்த்தார். 1973-ல் கடலைக் காக்க ஓர் அமைப்பையே தொடங்கினார்.

1979-ல் மகன் ஃபிலிப் விமான விபத்தில் இறந்தார். 1990-ல் சிமோனும் போனார். 1996-ல் கலிப்ஸோ சிங்கப்பூரில் படகு மோதி மூழ்கியது. 1997 ஜூன் 25-ம் தேதி, 87 வயதில் கூஸ்தோ பாரிஸில் காலமானார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ஸ்கூபா போகும் ஆசை உங்களுக்கும் இருக்கா? காற்று சுத்தமா, பட்டை இறுக்கமா, சைகை இருவருக்கும் புரியுமா என்று இறங்கும் முன் பயிற்சியாளர் திரும்பத் திரும்பக் கேட்பார். எரிச்சல் படாதீங்க. அந்தக் கேள்விகள் ஏன் முக்கியம் என்று வோக்ளூஸ் குகையில் கூஸ்தோவே தெரிந்துகொண்டார்.