நீரிலே ஒளி கண்டவர்: பொறியியலறிஞர் விமலசுரேந்திர

ஒரு நாட்டின் செல்வம் அதன் மண்ணுள்ளும் நீருள்ளும் மறைந்து கிடக்கும். அதனைக் காணக் கண் வேண்டும். கண்டதை அறிஞர் அவையில் எடுத்துரைக்க நா வேண்டும். உரைத்ததைக் கைவிடாது காக்க நெஞ்சுரம் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்க்கப் பெற்றோர் எந்நாட்டிலும் சிலரே. நமது இலங்கை நாட்டில் அவ்வாறு வாழ்ந்து மறைந்த ஒரு பெருமகனாரின் வரலாற்றை இவ்விழா மலரிற் சுருங்கக் கூற முற்படுகின்றோம்.

நம் கல்லூரியை விட்டுப் பல்கலைக்கழகம் புகும் மாணவருட் பொறியியல் கற்க விழைவோர் பலராவர். பேராதனையிலும் மொறட்டுவையிலும் காலியிலும் கிளிநொச்சியிலும் ஒலுவிலிலும் அக்கல்விக்கான பீடங்கள் உள. ஆங்கே ஆராய்ச்சி அரங்குகள் கூடுகின்றன; இளைஞர் தம் ஆய்வுக் கட்டுரைகளைப் பேராசிரியர் முன் படிக்கின்றனர். தொழில் வழிகாட்டற் கண்காட்சிகளிலே கம்பனிகளும் திணைக்களங்களும் மேசையிட்டு அமர்ந்து, நல்ல மாணவரைத் தேடுகின்றன. இவையெல்லாம் நன்றே. ஆயினும் அரங்கு கலைந்த பின் படித்த கட்டுரைக்கு என்ன நேர்கின்றது? கிடைத்த உத்தியோகம் எதற்குக் கருவியாகின்றது? இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர், 1918 ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பொறியியலாளர் ஒருவர் தம் சங்கத்தார் முன் சமர்ப்பித்த ஒரு கட்டுரையின் கதையை அறிதல் வேண்டும். அவரே தேவபுர ஜயசேன விமலசுரேந்திர என்பார்.

பிறப்பும் கல்வியும்

இவர் 1874 ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம் 17 ஆம் நாள் காலி நகரிற் பிறந்தார். தந்தையார் கைவினைத் திறன் மிக்கவர். முதலியார் பட்டம் பெற்றவர். உலோகமும் உளியும் கருவிகளும் சூழ்ந்த இல்லத்திலே வளர்ந்த பிள்ளைக்குப் பொருள்களின் உள்ளியல்பை ஆராயும் விருப்பம் இளமையிலேயே அமைந்ததில் வியப்பில்லை. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிற் பயின்ற பின், மருதானையில் 1893 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து பொறியியல் கற்றார்.

அக்காலத்தில் இந்நாட்டிற் பல்கலைக்கழகம் என ஒன்று இருக்கவில்லை. பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதே 1921 இல் ஆகும். தொழில்நுட்பக் கல்லூரியில் தேறியவர் அரசாங்க மராமத்துப் பகுதியிற் புகுந்து, வீதியும் பாலமும் அமைக்கும் வேலையிற் காலங்கழிப்பதே வழக்கம். மேற்பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியனவாக இருந்தன. விமலசுரேந்திரவும் அப்பகுதியிலேயே சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, இலண்டன் பரடே இல்லத்தில் மின்பொறியியலும் கற்றுத் தேர்ந்தார். கல்லும் மண்ணும் அறிந்தவர் மின்சாரமும் அறிந்தவரானார். இவ்விரு அறிவும் ஒருவரிடத்தே கூடியமையே பின்னர் நாட்டுக்குப் பெரும்பயன் விளைத்தது.

பொன் தேடியவர் கண்ட செல்வம்

1901 ஆம் ஆண்டிலே மலைநாட்டுக் காடுகளிற் பொன் உண்டோ என ஆராயும் பணி இவருக்கு வாய்த்தது. கெகெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரு ஆறுகளின் கரைகளில் இவர் நடந்து திரிந்தார். தேடிச் சென்ற பொன்னைக் காட்டிலும் பெரியதொரு செல்வம் அங்கே இவர் கண்ணுக்குப் புலப்பட்டது. கெகெல்கமு ஓயாவில் அபடீன் அருவி 98 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்றது; மஸ்கெலி ஓயாவில் லக்ஷபான அருவி 126 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்றது. ஏனையோர் அழகென்று கண்டு மகிழ்ந்து சென்ற இடத்தில், இவர் நின்று கணக்கிட்டார்.

அக்கணக்கின் அடிப்படை நம் கீழ்வகுப்பு மாணவர்க்கும் விளங்கக்கூடியதே. வீழும் நீரின் ஆற்றல் இரண்டு அளவுகளிலே தங்கியுள்ளது. ஒன்று நீரின் அளவு. மற்றையது அது வீழும் உயரம். தென்மேற் பருவக்காற்று கொணரும் மழை மேற்குமலைச் சரிவிற் கொட்டுகின்றது. ஆதலின் நீர் உண்டு. குறுகிய தூரத்துள் ஆறு ஆயிரம் அடிக்கு மேல் இறங்குகின்றது. ஆதலின் உயரமும் உண்டு. நீரை மேலே அணைகட்டித் தேக்கி, சுரங்கத்தின் வழியும் உருக்குக் குழாய்களின் வழியும் கீழே இறக்கிச் சக்கரங்களைச் சுழற்றுவித்தால், அச்சுழற்சி மின்சாரமாகும். சக்கரத்தைச் சுழற்றிய நீர் அழிந்துபோவதில்லை. அடுத்த படியிலும் அதனைக் கொண்டு வேலை வாங்கலாம். நிறைவில் அது களனி கங்கையாய்க் கடல் சேரும்.

இஃது அக்காலத்தில் உலகிலே கண்டறியாத புதுமையன்று. அமெரிக்காவில் நயாகராவின் நீர் 1895 இல் மின்சாரம் தரத் தொடங்கியது. 1902 இல் மைசூர் நாட்டிலே காவேரி பாயும் சிவசமுத்திரத்திற் பெற்ற மின்சாரம் தொண்ணூறு மைலுக்கு அப்பாலுள்ள கோலார்ப் பொன்வயலுக்குக் கம்பிவழி சென்றது. காவேரிக்கு ஆவது களனிக்கும் ஆகும் என்பதே விமலசுரேந்திரவின் துணிபு. நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளக்பூல் என்னுமிடத்திற் சிறியதொரு நீர்மின் நிலையத்தை அமைத்து, நுவரெலியா நகருக்கு ஒளி கொடுத்துத் தம் துணிபைச் செயலிலும் காட்டினார்.

1918 ஆம் ஆண்டின் கட்டுரை

இலங்கைப் பொறியியற் சங்கம் 1906 இல் நிறுவப்பெற்றது. இந்நாளில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமாக விளங்குவது அதுவே. பொறியியலாளர் தம் ஆய்வுகளைக் கட்டுரையாக எழுதித் தம்மொத்தார் முன் வைப்பதற்கு அச்சங்கம் களமாயிற்று. 1918 இல் விமலசுரேந்திர அச்சங்கத்திற்கு ஒரு கட்டுரை சமர்ப்பித்தார். இலங்கையில் மின்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் என்பது அதன் பொருள். கெகெல்கமு, மஸ்கெலி என்னும் இரு ஆறுகளிலிருந்தும் 114,500 கிலோவாற்று வலுப் பெறலாம் என அதிற் கணக்கிட்டுக் காட்டினார்.

கட்டுரையின் தலைப்பிலே பொருளாதாரம் என்னும் சொல் அமைந்திருப்பதை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். அருவியில் மின்சாரம் உண்டாக்கலாம் என்பதோடு அவர் அமையவில்லை. முதலாவது உலகப் போர் முடிவெய்திய ஆண்டு அது. கொழும்பு நகரின் விளக்குகளும் டிராம் வண்டிகளும் கப்பலில் வரும் எரிபொருளை நம்பியிருந்தன. கப்பல் நின்றால் வெளிச்சமும் நிற்கும். எரிபொருளைப் பிறநாட்டில் வாங்குவதால் நாட்டின் பணம் வெளியே போகின்றது; மலையில் வீழும் நீரோ வாளா கடலிற் கலக்கின்றது. இதனையே அவர் தம் நாட்டாருக்கும் ஆட்சியாளருக்கும் உணர்த்த முயன்றார்.

ஆனால் ஆட்சியாளர் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இச்சிறு தீவில் இவ்வளவு மின்சாரத்தை வாங்குவார் யார் என்னும் ஐயம் எழுந்தது. செலவு பெரிது என்னும் அச்சமும் எழுந்தது. 1920 ஆம் ஆண்டுகளில் லக்ஷபான வேலை தொடங்கப்பெற்றும், பணமில்லை என்னும் காரணத்தால் இடையிலே நிறுத்தப்பெற்றது. 1927 இல் அரசாங்க மின்சாரப் பகுதி தனியாக நிறுவப்பெற்றும் அணைக்கட்டு எழவில்லை. அதே காலத்தில் அயலிலே நிகழ்ந்ததை ஒப்பிட்டு நோக்குவோமாயின் உண்மை விளங்கும். நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1929 இல் தொடங்கி 1932 இல் நிறைவெய்தியது. கோயமுத்தூர் ஆலைகள் அம்மின்சாரத்தால் வளர்ந்தன. உலகத்தை வாட்டிய பொருளாதார மந்தம் அங்கும் இருந்தது. மின்சாரத்தை வாங்குவார் யார் என்னும் வினாவிற்கு, மின்சாரம் வந்த பின் எழும் ஆலைகளே விடையாகும் என்பதைப் பைக்காரா காட்டிற்று.

அரசாங்க சபையில்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் தம் கட்டுரைப் பிரதியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கலாம். உபகாரச் சம்பளமும் உறவினர் மதிப்பும் அவருக்குப் போதுமானவையாய் இருந்திருக்கும். விமலசுரேந்திர அவ்வாறு செய்யவில்லை. 1931 இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் வயது வந்த ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அவ்வாண்டுத் தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியில் நின்று வென்று, முதலாவது அரசாங்க சபையிற் புகுந்தார். பொறியியலாளர் சபையிற் படித்த கணக்கை மக்கள் பிரதிநிதிகள் சபைக்கும் கொண்டு சென்றார். தாம் வாழ்நாளெல்லாம் வற்புறுத்திய திட்டத்துக்காக அங்கும் வாதாடினார்.

அச்சபை 1935 இற் கலைந்தது. பின்னர் இரண்டாவது உலகப் போர் வந்தது. போர் முடிந்து, நாடு சுதந்திரம் பெற்ற பின்னரே லக்ஷபான வேலை நிறைவெய்தியது. 1950 ஆம் ஆண்டு திசெம்பரில் 25,000 கிலோவாற்று வலுவுடைய முதற்கட்டம் இயங்கத் தொடங்கிற்று. கட்டுரை சமர்ப்பித்து முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன. அருவியைக் கண்டு நாற்பத்தொன்பது ஆண்டுகள் சென்றிருந்தன. கண்டவர்க்கு வயது எழுபத்தாறு.

அதே 1950 இல் மற்றொரு நற்காரியமும் கொழும்பிலே நிகழ்ந்தது. நம் கொள்ளுப்பிட்டியை அடுத்த தேர்ஸ்டன் வீதியில், இப்பொழுது குமாரதுங்க முனிதாச மாவத்தை எனப்படும் வீதியில், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் பிறந்தது. ஈ. ஓ. ஈ. பெரேரா அதன் முதற் பீடாதிபதியானார். 1964 இல் அப்பீடம் பேராதனைக்குச் சென்றது. மலையிலிருந்து மின்சாரம் இறங்கிய ஆண்டிலேயே, அதனை ஆள வல்ல இளைஞரை ஆக்கும் கல்விக்கூடமும் தோன்றியமை நாம் எண்ணி மகிழத்தக்கது.

மறைவும் நினைவும்

விமலசுரேந்திர 1953 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 10 ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். 1958 இல் லக்ஷபானவின் இரண்டாங்கட்டம் மேலும் 25,000 கிலோவாற்று ஈந்தது. காசல்றீ நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டு நோட்டன் பிறிட்ஜில் இயங்கும் 50,000 கிலோவாற்று நிலையம் 1965 இல் எழுந்தது. அஃது அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பின்னர் பொல்பிட்டி, புதிய லக்ஷபான, கனியன் என நிலையங்கள் வளர்ந்தன. இவ்விரு ஆறுகளிலும் அமைக்கப்பெற்ற ஐந்து பெரிய நிலையங்களின் தொடக்க வலுவைக் கூட்டினால் 335,000 கிலோவாற்று ஆகின்றது. மிகையென்று சிலர் ஐயுற்ற கணக்கு, உண்மையிற் குறைவாகவே இருந்தது!

இப்பயனுக்கு நாடு கொடுத்த விலையையும் கூறாது விடுதல் முறையன்று. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தினுள் பழைய மஸ்கெலியா நகர் மூழ்கிற்று. அதனோடு கோவிலும் பள்ளிவாசலும் மூழ்கின. வறட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அவற்றின் இடிபாடுகள் தலைகாட்டுகின்றன. மின்சாரம் பிறக்கும் அம்மலைகளிலேயே, தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளிற் பல நெடுங்காலம் குப்பி விளக்கையே நம்பியிருந்தன. கொழும்பிலே மின்விளக்கின்கீழ் இருந்து படித்த நாம் இதனை மறத்தலாகாது. ஆற்றலை ஆக்குவது பொறியியலின் ஒரு பாதி. அது யாருக்குச் சென்று சேர்கின்றது என்று பார்ப்பது மறுபாதி.

நீரையே நம்பியிருத்தலும் போதாது என்பதை 1996 ஆம் ஆண்டின் வறட்சி கற்பித்தது. மழை பொய்த்தமையால் நாடெங்கும் மின்வெட்டு நிலவியது. 2022 இலோ எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி, நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை இருளில் இருந்தோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்திற் பாடம் படித்தனர். பிறநாட்டு எரிபொருளை நம்பும் நாடு தன் விளக்கின் திரியைப் பிறர் கையிற் கொடுத்த நாடாகும். 1918 இன் கட்டுரை பழங்கதையாகிவிடவில்லை என்பதை அவ்விருள் நமக்கு நினைவூட்டியது. வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் வலுவைக் கணக்கிட்டு எழுதவேண்டிய கட்டுரைகள் இன்னும் பல உள.

மாணவ மணிகாள்! ஆராய்ச்சி அரங்கிலே நீங்கள் கட்டுரை படிக்குங்கால் கைதட்டல் கிடைக்கலாம், கிடையாமலும் போகலாம். அவையோர் கடிகாரத்தை நோக்கலாம். அதனால் மனஞ் சோர வேண்டா. உங்கள் கணக்கு நேரிதாயின், அதனைக் காக்கும் கடமை உங்களுடையது. தொழிற் கண்காட்சியிலே சம்பளத்தையும் சலுகைகளையும் கேட்டறியுங்கள். குடும்பத்தைத் தாங்க வேண்டியவர்க்கு அது தகுமே. ஆயினும் எந்த வேலையில் இருந்தால் நாட்டின் எந்தக் குறையை அருகிலிருந்து காணலாம் என்பதையும் ஒருங்கே எண்ணுங்கள். விமலசுரேந்திரவுக்குக் கிடைத்தது பொன் தேடும் வேலை. அவர் கண்டது ஒளி. கண்டது கைகூட அரை நூற்றாண்டு காத்திருந்தார். காத்திருந்த காலமெல்லாம் உழைத்தார்.

இத்தகைய பொறியியலாளர் நம் கல்லூரியிலிருந்தும் தோன்றுவாராக. அவர்தம் கட்டுரைகள் ஏட்டோடு நில்லாது, நாட்டிலுள்ள கடைசிக் குடிசை வரையும் சென்று ஒளி தருவனவாக!